குடி, புகையிலை, மாத்திரை: நோயறியும் அளவுகோல் மாறியது பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களோடு பேசும் ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. வைத்தியர் ஏன் அப்படிக் கேட்டார், கிளினிக் கொப்பியில் எழுதியதற்கு என்ன பொருள் என்று வெளியே வந்து கேட்கிறவர்களுக்கு விளங்க வைப்பது என் வேலை. கேள்விகள் அவர்களுடையவை. சிலவற்றை மட்டும் நாகரிகம் கருதித் திருத்தியிருக்கிறேன்.

முன்பெல்லாம் "அடிமையாகிவிட்டார்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். இப்போது "நடுத்தர அளவிலான மதுசாரப் பாவனைக் கோளாறு" என்று எழுதுகிறார்கள். என்ன மாறியது?

உலகெங்கும் மனநல வைத்தியர்கள் இரண்டு நூல்களைப் பார்த்துத்தான் நோயைத் தீர்மானிக்கிறார்கள். ஒன்று அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் வெளியிடும் கையேடு, டி.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மற்றது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல், அது ஐ.சி.டி. இரண்டும் அண்மையில் மாறின. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு 2013 மே மாதம் வந்தது. ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒரே திசையில் மாறவில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

அமெரிக்கக் கையேட்டின் பழைய பதிப்பில், அதாவது 1994இன் நான்காம் பதிப்பில், இரண்டு பெட்டிகள் இருந்தன. "துஷ்பிரயோகம்" ஒன்று; "சார்பு", அதாவது அது இல்லாமல் முடியாது என்ற நிலை, மற்றொன்று. முதலாவதற்கு நான்கு அடையாளங்களில் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவதற்கு ஏழில் மூன்று வேண்டும். 2013இல் இரண்டு பெட்டிகளையும் உடைத்து ஒன்றாக்கினார்கள். இப்போது மொத்தம் 11 அடையாளங்கள். பன்னிரண்டு மாத காலத்துக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. உங்கள் வீட்டுக்காரரின் கொப்பியில் "நடுத்தர" என்று எழுதியிருந்தால், வைத்தியர் 4 அல்லது 5 அடையாளங்களைக் கண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த இரண்டு பெட்டிகளை ஏன் உடைத்தார்கள்?

முதலாவது காரணம், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே மனிதர்கள் விழுந்தார்கள். ஒரு கிளாஸ் என்று உட்கார்ந்து அரைப் போத்தலில் எழுந்திருக்கிறவர். ஒவ்வொரு மாதமும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி முடியாமல் போகிறவர். இவருக்குச் சார்பின் அடையாளங்கள் இரண்டு இருக்கின்றன, மூன்றாவது இல்லை. துஷ்பிரயோகத்தின் நான்கில் ஒன்றும் இல்லை. பழைய கையேட்டின்படி இவருக்கு நோயே கிடையாது. ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களை "அநாதைகள்" என்றே அழைத்தார்கள். மறுபுறம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்ற ஒரே ஓர் அடையாளம் திரும்பத் திரும்ப இருந்தாலே இன்னொருவருக்குத் "துஷ்பிரயோகம்" என்ற முத்திரை விழுந்தது.

இரண்டாவது காரணம் கணக்கு. துஷ்பிரயோகம் முதற்படி, சார்பு அடுத்த படி என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆய்வுத் தரவுகளைப் பரிசீலித்தபோது அப்படி இரண்டு படிகள் தெரியவில்லை. எல்லா அடையாளங்களும் ஒரே கோட்டில், கூடியும் குறைந்தும் கிடந்தன. இரத்த அழுத்தத்தை அளப்பதைப் போல எவ்வளவு என்று பார்ப்பதே பொருத்தம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் இந்த மாற்றத்தின் நீளம் தெரியும். 1952இல் வந்த முதல் கையேடு குடியையும் போதையையும் சமூக விரோத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்து வைத்தது. சுருங்கச் சொன்னால், ஆளே சரியில்லை என்ற தீர்ப்பு. 1976இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் குரோஸ் என்ற இருவர் மதுச் சார்பை ஒரு நோய்க்குறித் தொகுதியாக, கூடியும் குறைந்தும் இருக்கக்கூடிய ஒன்றாக விவரித்தார்கள். 1980இல்தான் கையேட்டில் அதற்குத் தனிப் பகுதி கிடைத்தது. ஆனால் உடல் பழகிப்போனதற்கோ, நிறுத்தினால் உடல் படும் பாட்டுக்கோ அடையாளம் இருந்தால்தான் சார்பு என்றார்கள். 1987இல் அந்தக் கட்டாயமும் போயிற்று. எங்கள் லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்னும் பலர் 1952இலேயே நிற்கிறார்கள் என்பது வேறு விடயம்.

அந்த 11 அடையாளங்கள் என்னென்ன? புத்தக நடையில் வேண்டாம், நம் ஊருக்கு விளங்கும்படி சொல்லுங்கள்.

முதல் நான்கும் கட்டுப்பாடு கைவிட்டுப் போவதைப் பற்றியவை. நினைத்ததைவிட அதிகமாக அல்லது நெடுநேரம் குடிப்பது. குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் முயற்சி தோற்றுக்கொண்டே போவது. தேடிப் போவது, குடிப்பது, தெளிவது என்று நாளின் பெரும் பகுதி அதிலேயே கழிவது. அடுத்தது ஏக்கம்; அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

அடுத்த மூன்றும் மனிதர்களோடு தொடர்புடையவை. வேலையிலோ வீட்டிலோ பாடசாலையிலோ செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போவது. வீட்டில் சண்டை வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. முன்பு விருப்பமாகச் செய்த காரியங்களை விடுவது. இந்தக் கடைசி அடையாளத்தைக் குடும்பத்தார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காமன் கூத்துக்கு ஆண்டுதோறும் வேஷம் கட்டியவர் இந்த மாசி மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, தப்பு மேளம் அடிக்கிறவர் தப்பைச் சூடு காட்டி எடுத்தே இரண்டு வருடமாகிறது என்பார்கள். சொல்லும்போது அதை வயதின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அடுத்த இரண்டும் ஆபத்து பற்றியவை. உடலுக்கு ஆபத்தான சூழலில் திரும்பத் திரும்பப் பாவிப்பது ஒன்று. புத்தகம் வாகனத்தையும் இயந்திரத்தையும் சொல்கிறது. நமக்கு அது தேயிலைச் செடியை வெட்டித் திருத்தும் கவ்வாத்துக் கத்தி. செங்குத்தான மலையில் ஈரத்தில் நின்றுகொண்டு முதல் நாள் போதை இறங்காமல் கவ்வாத்து வெட்டுகிறவரின் முழங்காலைப் பாருங்கள். தேயிலை ஆலையான ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பதும், றம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுவதும் இதே கணக்குத்தான். மற்றது, ஈரலோ வயிறோ மனமோ இதனால் கெடுகிறது என்று தெரிந்த பிறகும் தொடர்வது.

கடைசி இரண்டும் உடல் பற்றியவை. முன்பு கால் போத்தலில் வந்த போதைக்கு இப்போது அரைப் போத்தல் வேண்டியிருப்பது. நிறுத்தினால் உடல் கலங்குவது, அல்லது அந்தக் கலக்கத்தைத் தவிர்க்கவே மறுபடி குடிப்பது. கண் விழித்ததும் ஒரு வாய் ஊற்றினால்தான் கை நிற்கிறது என்றால் அது இந்த அடையாளம்.

ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணிக்கை மட்டும் போதாது. இவற்றால் அந்த மனிதருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்போ துன்பமோ இருக்க வேண்டும் என்பதையும் கையேடு கேட்கிறது.

"ஒரு நாள் பெரட்டுக்கும் நான் பிந்தியதில்லை. என் பேர் விழாத நாளே இல்லை. நான் எப்படி நோயாளி?"

எங்கள் மேசையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர் பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் பேர் விழாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே உடம்பு எந்த நிலையில் இருந்தாலும் ஆறரைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போய் நின்றுவிடுவார். வேலையைத் தவறவிடுவது 11இல் ஒன்றே ஒன்று. அது இல்லாவிட்டாலும் மற்றப் பத்து இருக்கின்றன.

ஒரு கணவன் மனைவியோடு உட்கார்ந்து இந்த வரிசையில் பேசிக்கொண்டிருந்தேன். குறைக்க முயன்றீர்களா என்று கேட்டேன். "மாதத்துக்கு ஒரு முறை முயல்கிறேன் ஐயா" என்றார். "சம்பளத்துக்கு முதல் நாள் மட்டும்" என்றார் மனைவி, அவரைப் பார்க்காமலே. கொடுத்த பிளேன்டீயை அவர் இரு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் சாயம் கோப்பையின் ஓரத்தைத் தாண்டி விரலில் வழிந்தது. காலை பத்து மணி. வேலைக்கு ஒழுங்காகப் போவதைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

பெண்கள் விடயத்தில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் குழந்தையை எடுக்க ஒரு நாள் பிந்தினாலும் ஊரே பேசும். குடிக்கும் பெண்ணுக்குக் "கடமை தவறுதல்" என்ற அடையாளம் வெகு சீக்கிரம் விழுந்துவிடுகிறது. ஆணுக்கு விழுவதே இல்லை. அளவுகோல் ஒன்றுதான். அளக்கும் கை ஊர்க் கையாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

பொலிஸ் பிடித்திருக்கிறது, நீதிமன்றத்தில் அபராதமும் கட்டியிருக்கிறார். அதைப் புதிய அளவுகோலில் எண்ணுவதில்லையாமே?

எண்ணுவதில்லை. சட்டச் சிக்கல் என்பது 1994 பதிப்பில் ஓர் அடையாளமாக இருந்தது. 2013இல் நீக்கிவிட்டார்கள். அது அபூர்வமாகவே பதிவானது, நோயின் அளவைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை, நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு என்பவை காரணங்கள்.

நான் இந்த நீக்கத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். கள்ளச்சாராயமான கசிப்பை வைத்திருந்ததற்காகப் பிடிபடுவது உங்கள் ஈரலைப் பொறுத்ததல்ல. அன்று சோதனைக்கு வந்தார்களா, யார் காட்டிக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நகரத்தில் மதுபானசாலையில் வாங்கிப் பங்களாவுக்குள் குடிப்பவரிடம் யார் போய் விசாரிப்பது? பழைய அளவுகோலில் ஏழைக்கு ஓர் அடையாளம் கூடுதலாக விழுந்தது.

அதற்காக வழக்கு இல்லாமல் போகாது. சட்டம் தன் வழியில் போகும். போதைப்பொருள் விடயத்தில் 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் தாமாக வருவோருக்கும் நீதிமன்றம் அனுப்புவோருக்கும் சிகிச்சை, புனர்வாழ்வு ஏற்பாடுகளைச் சொல்கிறது. அது சட்டத்தின் கணக்கு, இது வைத்தியத்தின் கணக்கு.

புதிதாகச் சேர்த்த "ஏக்கம்" என்பது என்ன?

வேறு எதையும் நினைக்கவிடாமல் எழும் வேட்கை. ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் இது முன்பே இருந்தது. அமெரிக்கக் கையேட்டில் 2013இல் சேர்ந்தது. குடித்த இடம், குடித்த நேரம், கூடக் குடித்த முகம் ஆகியவை இதைக் கிளப்பிவிடும். சாராயக்கடை இருக்கும் தவறணைச் சந்தியில் பஸ் நிற்கும்போது வாய் ஊறுகிறது என்று ஒருவர் சொன்னால் அதைப் பலவீனம் என்று ஏச வேண்டாம். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.

ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு எப்படி வேறுபடுகிறது? நம் நாட்டு வைத்தியசாலைகளில் எது?

நம் வைத்தியசாலைப் பதிவுகள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலையே சார்ந்தவை. நீண்ட காலமாக அதன் பத்தாம் பதிப்பு. மனநல வைத்தியர்கள் அமெரிக்கக் கையேட்டையும் படித்தே வருகிறார்கள். ஆகவே ஒரே கிளினிக்கில் இரண்டு மொழியும் கேட்கும்.

பத்தாம் பதிப்பில் சார்புக்கு ஆறு அடையாளங்களில் மூன்று வேண்டும். பதினோராம் பதிப்பு அந்த ஆறையும் மூன்றாகச் சுருக்கியது. கட்டுப்பாடு தளர்தல், வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளிப் பாவனை முன்வரிசைக்கு வருதல், உடல் பழகிப்போனதன் அடையாளங்கள். மூன்றில் இரண்டு இருந்தால் சார்பு. வழக்கமாகப் பன்னிரண்டு மாதத்தைப் பார்ப்பார்கள். தினமும் அல்லது அநேகமாகத் தினமும் பாவிப்பவருக்கு மூன்று மாதமே போதும். அமெரிக்கர்கள் பெட்டிகளை உடைத்தார்கள். ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் சார்பு என்ற பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே "தீங்கான பாவனை" என்ற பெட்டியையும் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீங்கான பாவனையில்தான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் மாற்றம் நடந்தது. முன்பு தீங்கு என்றால் குடிப்பவரின் சொந்த உடலுக்கோ மனதுக்கோ நேர்ந்த தீங்கு மட்டும்தான். இப்போது அவருடைய பாவனையால் மற்றவரின் உடலுக்கும் மனதுக்கும் நேரும் தீங்கும் கணக்கில் வருகிறது. குடித்துவிட்டு அடித்ததில் மனைவியின் மணிக்கட்டு உடைந்தது. குடித்தவருக்கோ ஒரு கீறல் இல்லை, ஈரல் பரிசோதனையும் சரியாகவே வந்தது. பழைய பட்டியல் இவரைத் தாண்டிப் போயிருக்கும். புதியது நிறுத்திக் கேட்கிறது.

உடனே இன்னொரு கேள்வி வரும்: அப்படியானால் நோய் என்று சொல்லித் தப்பிவிடுவாரா? மாட்டார். நோய் இருப்பது அடித்த குற்றத்தை அழிக்காது. மனைவி பொலிஸுக்குப் போகலாம், கணவர் கிளினிக்குக்கும் போகலாம்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடமாட்டார். நினைத்தால் நிறுத்தக்கூடியவருக்கு எப்படி நோய் இருக்கும்?

விரதத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மாலை போட்ட நாட்களில் எங்கள் லயங்களில் வரும் அமைதி எந்த ஆலோசகராலும் கொண்டுவர முடியாதது. ஆனால் நோயறியும் கேள்வி, பன்னிரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்பது. மாலை கழற்றிய அன்றே சாராயப் போத்தல் திறக்கப்பட்டதா, மீதிப் பத்து மாதமும் எப்படிப் போயிற்று என்று வைத்தியர் கேட்பார். இடையில் நிறுத்த முடிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

குணமாதலுக்கும் அளவு மாறியிருக்கிறது. பழைய கையேட்டில் ஒரு மாதம் அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலே தொடக்கநிலைத் தணிவு, அதாவது நோய் அடங்கியிருக்கும் நிலை, என்றார்கள். இப்போது மூன்று மாதம் வேண்டும். ஒரு வருடம் கடந்தால் நீடித்த தணிவு. ஒரு மண்டலம் இந்த மூன்று மாதத்தைத் தொடாது. ஒரு சலுகையும் உண்டு. ஏக்கம் மட்டும் மிச்சமிருந்தால் பரவாயில்லை, தணிவு தணிவுதான். புனர்வாழ்வு நிலையத்திலோ சிறையிலோ இருந்ததால் கிடைக்காமல் போனது என்றால் அதையும் தனியாகக் குறிப்பிடுவார்கள்.

மாலை கழற்றும் முன்பே வைத்தியரைப் பார்க்க ஒரு திகதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஏற்கெனவே உடல் தெளிந்திருக்கும் நேரம் அது, அதை வீணாக்குவானேன்?

அப்படியானால் நாளையே முற்றாக நிறுத்தச் சொல்லலாமா?

தினமும் அதிகமாகக் குடிப்பவருக்கு, அதிலும் காலையிலேயே கை நடுங்குபவருக்கு, வைத்தியரைக் கேட்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் அவசரமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சலும் படபடப்பும் இருக்கும். லயத்தில் இதைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடித்த கதைகள் எனக்குத் தெரியும். அது பேயல்ல, உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. வைத்தியசாலையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தையும், தயமின் என்ற விட்டமினையும் கொடுத்து இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்துவார்கள்.

குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையைக் கறியில் கலந்து கொடுக்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். அது டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கும். அதை எடுத்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். இருதய நோயாளிக்கு அது உயிராபத்து. நோயாளி தெரிந்து, சம்மதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொடங்க வேண்டும். தெரியாமல் கொடுப்பது ஆபத்தானது. கண்டுபிடித்துவிட்டால் அவர் அந்த வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார்.

என் மாமியார் குடிப்பதில்லை. ஆனால் வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாமல் கொழுந்து எடுக்க முடியாது. அதுவும் இதில் சேருமா?

சேரும். பழைய கையேட்டில் நிக்கொட்டினுக்குச் சார்பு மட்டும் இருந்தது, துஷ்பிரயோகம் இல்லை. 2013இலிருந்து புகையிலைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள அதே 11 அடையாளங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பது கடுமையின் ஓர் அறிகுறி என்று கையேடு சொல்கிறது. எங்கள் அம்மாமாருக்கு அந்த முதல் சிகரெட்டின் இடத்தில் முதல் வாய்ப் புகையிலை இருக்கிறது. பல் துலக்கும் முன்பே இடிகல்லைத் தேடுகிறார் என்றால் யோசிக்க வேண்டியதுதான். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. பாக்கையும் கையேடு "ஏனைய பொருட்கள்" வரிசையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

மெல்லும் புகையிலைக்கு 2016இல் தடை வந்தது. மலையில் அந்தத் தடையை நான் கண்டதில்லை. குளிருக்கும், பசிக்கும், நிறுவை வரைக்கும் நிற்க வேண்டிய நேரத்துக்கும் புகையிலைதான் துணை என்று சொல்கிற பெண்ணிடம் தடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படலமோ, வாயைத் திறக்கச் சிரமமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பல் வைத்தியரிடம் அனுப்புங்கள். அது முதலில்.

அப்பாவுக்குப் புற்றுநோய். மோர்பின் கொடுக்கிறார்கள். அளவு கூடிக்கொண்டே போகிறது. அடிமையாகிவிட்டாரா?

இல்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்தபடி எடுக்கும் மருந்துக்கு உடல் பழகுவதையும், நிறுத்தினால் உடல் கலங்குவதையும் நோயடையாளமாக எண்ணக் கூடாது என்று புதிய கையேடு தெளிவாகவே சொல்கிறது. பயந்துகொண்டு மருந்தைக் குறைத்துக் கொடுத்து அவரை வலியில் கிடத்தாதீர்கள்.

பையன் கஞ்சா, மாத்திரை, சில நாட்களில் ஐஸ் என்ற போதைப்பொருள் என்று கலந்து எடுக்கிறான். எந்தப் பெயரில் எழுதுவார்கள்?

முன்பு பலவற்றையும் கலந்து எடுப்பவருக்குப் பொதுவான ஒரு பெயர் இருந்தது. அமெரிக்கக் கையேட்டில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். கஞ்சாவுக்கு லேசானது, ஐஸுக்குக் கடுமையானது என்று ஒரே கொப்பியில் இரண்டு வரி வரலாம். இது நல்லது. எது முதலில் உயிரை வாங்கும் என்று தெரிகிறது.

கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2013இல் கஞ்சா விலகல், அதாவது நிறுத்தியபின் வரும் உபாதை, என்பதும் நோயாகச் சேர்க்கப்பட்டது: எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, அமைதியின்மை. கொழும்பில் வேலைக்குப் போய்த் தீபாவளிக்கு வீடு வந்த பிள்ளை முதல் வாரம் முழுவதும் சிடுசிடு என்று சோற்றைத் தள்ளிவிடுகிறான் என்றால், காதல் தோல்வி என்று முடிவுகட்டும் முன் இதையும் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் தேயிலைக்காரர்கள். ஒரு நாள் தேநீர் இல்லாவிட்டால் தலை வெடிக்கிறது. அதுவும் நோயா?

சிரிக்கக் கேட்டாலும் இதற்குப் பதில் உண்டு. தேநீரில் இருக்கும் கஃபேன் என்ற பொருளின் விலகல் 2013இல் கையேட்டில் சேர்ந்தது. தலைவலி, சோர்வு, கவனச் சிதறல் போன்றவற்றில் குறைந்தது மூன்று இருந்து, அன்றாட வேலையே கெட்டால்தான் அந்தப் பெயர். தேநீருக்குப் "பாவனைக் கோளாறு" என்ற நோயை ஏற்கவில்லை. மேலும் ஆராய வேண்டியவை என்ற பின்பகுதியில் வைத்திருக்கிறார்கள். நிம்மதியாகக் குடியுங்கள்.

புக்கியில், பந்தயக் கடையில், குதிரைக்குப் பணம் கட்டுகிறார். குடியோ புகையோ இல்லை.

சூதாட்டக் கோளாறு 2013இல் இந்த அத்தியாயத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உடலுக்குள் எதுவும் போகாத ஒரு பழக்கம் போதைப்பொருட்களோடு ஒரே கூரையின் கீழ் வந்தது அதுவே முதல் தடவை. ஒன்பதில் நான்கு அடையாளங்கள் வேண்டும். இழந்ததை மீட்க மறுநாளும் போவது, எவ்வளவு கட்டினேன் என்பதை மறைப்பது, நகை அடகுக்குப் போவது எல்லாம் அதில் வரும். கைத்தொலைபேசி போன்றவற்றில் ஆடும் விளையாட்டுக் கோளாறை ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் கையேடு இன்னும் ஆராய்ச்சிப் பகுதியில்தான் வைத்திருக்கிறது.

11இல் இரண்டு இருந்தாலே நோய் என்பது அதிகமாகத் தெரியவில்லையா? அப்படிப் பார்த்தால் திருவிழாவில் பாதிப் பேர் நோயாளிகள்.

இந்தக் கேள்வியை உலகில் பெரியவர்களும் கேட்டார்கள். நான்காம் பதிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் பிரான்சிஸே ஐந்தாம் பதிப்பைக் கடுமையாக விமர்சித்தார். முதன்முதலில் சிக்கலுக்குள்ளாகும் இளைஞனையும் நெடுநாள் நோயாளியையும் ஒரே பெயரில் அடைக்கிறீர்கள் என்பது அவர் வாதம். கணக்குப் பார்த்தால் 11 அடையாளங்களில் இரண்டோ அதற்கு மேலோ சேரும் விதங்கள் 2036. அத்தனை வகை மனிதர்களும் ஒரே பெயரின் கீழ் வருகிறார்கள் என்பது உண்மைதான்.

இருந்தும் நான் புதிய முறையின் பக்கம்தான். இங்கே யாரையும் லேசான நிலையில் கூட்டி வருவதில்லை. நகை போய், வீட்டில் பாத்திரம் போய், மூத்த பெண்ணின் படிப்பு நின்ற பிறகு, ஈரல் வீங்கி வயிற்றில் நீர் கட்டிய பிறகுதான் கொண்டுவருகிறார்கள். அதுவரைக்கும் "அவர் குடிகாரர் இல்லை, குடிப்பார், அவ்வளவுதான்". ஆமா, இல்லை என்ற இரண்டே விடை இருந்தவரை, எல்லோருக்கும் "இல்லை" என்று சொல்ல வசதியாக இருந்தது. இரண்டு அடையாளங்களோடு வருகிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். சில சுருக்கமான உரையாடல்களும், சம்பளப் பணம் யார் கையில் வருகிறது என்ற ஒழுங்கும் போதுமாக இருக்கலாம். திருவிழாக்காரர்களைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. ஒரு நாள் குடிப்பது அடையாளமே அல்ல. பாதிப்பு இல்லாமல் நோய் இல்லை.

எனக்கு இருக்கும் உண்மையான பயம் வேறு. அடையாளங்களை எண்ணுவதற்கு நோயாளியோடு அரை மணி நேரமாவது பேச வேண்டும், அவருடைய மொழியில் பேச வேண்டும். நீண்ட கிளினிக் வரிசையில், தமிழ் தெரியாத வைத்தியருக்கும் சிங்களம் தெரியாத தொழிலாளிக்கும் நடுவே ஒரு சிற்றூழியர் மொழிபெயர்க்கும்போது, "ஏக்கம்" என்ற அடையாளம் எங்கே போய் நிற்கும்?

கொப்பியில் எழுதினால் தோட்டத்துக்குத் தெரியுமா? வேலை போகுமா?

வைத்தியர் உங்கள் நோயை நிர்வாகத்துக்கு அறிவிக்கக் கூடாது. அது உங்கள் இரகசியம். ஆனால் கொப்பியை நீங்களே லயத்தில் விரித்து வைத்தால் யாரும் காப்பாற்ற முடியாது. தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் நேரடியாக மாவட்ட வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம்.

எங்கே தொடங்குவது? என்ன கொண்டுபோக வேண்டும்?

தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் முன் கடந்த ஒரு வருடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். எப்போது கூடியது, எப்போது நிறுத்தினார், நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. எடுக்கும் மற்ற மருந்துகளின் உறைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வீட்டார் ஒருவர் கூடப் போவது நல்லது. வைத்தியர் கேட்டால் நோயாளியைத் தனியாகப் பேச விட்டு வெளியே வந்து உட்காருங்கள். தூரத் தோட்டம் என்றால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இலக்கம் கொடுத்து முடித்துவிட்டால் அன்றைய பேரும் போய், கிளினிக்கும் இல்லாமல் திரும்ப வேண்டிவரும்.